ருக்குமணியின் பூப்பொட்டலங்கள்

ருக்குமணி மடத்துக்குள் நுழைந்தபோது சாமியம்மா அடுப்புச் சாம்பலை அள்ளிக்கொண்டிருந்தாள். மடத்தின் குருவான சாமியம்மாவுக்கு முப்பத்தைந்து வயதுதான். சிஷ்யை ருக்குமணி அவளைவிட நாலு வயது மூத்தவள். அவள் புருஷன் செத்து ஒன்பது வருஷம்.

“சாமி, ஒரு பொட்டலம் எடுத்துக் குடுக்கோணுங்க.”

மனசு இரண்டுபட்டால் அந்தப் பக்கத்தில் பூ கட்டிப் பார்ப்பார்கள். வெள்ளைப் பூவை ஒரு பொட்டலமாகவும் சிவப்புப் பூவை ஒரு பொட்டலமாகவும் மடித்து, எதில் எந்தப் பூ என்று அறியாத யாரையாவது ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வருகிற பூ தெய்வ வாக்கு. அதற்கு மேல் ஊரில் எவரும் வாய் திறக்கக் கூடாது.

“வெள்ளை வந்தா என்ன அக்கா?”

“பால் சங்கத்துத் தங்கவேலுவைக் கட்டிக்கறதுங்க. எங்க சனம். சொந்த வீடு. ஒரு சொல் ஏசாத மனுசன்.”

“சிவப்பு வந்தா?”

ருக்குமணி முந்தானையைத் திருகினாள். “போர்வெல் லாரி ஓட்டற சவரிமுத்து. வருசத்துல பாதி நாள் வடக்கதான். கூட வா, ஒரிசா வரைக்கும் பாத்துட்டு வரலாங்கறார். சாதி வேற, சாமியும் வேற. தெருக்குழாய்ல நான் போய் நின்னாலே குடத்தை எடுத்துக்கிட்டுக் கெளம்பிர்றாங்க, சாமி.”

நாற்பதை எட்டப்போகிற ஒருத்திக்குக் காதல் வந்தால் சின்ன ஊர் தாங்குமா? தாங்கவில்லை.

சாமியம்மா கை கழுவிவிட்டு வந்தாள். ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். சிவப்பு ரோஜா.

ருக்குமணிக்குக் கண் நிறைந்துவிட்டது. படபடவென்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “தெய்வமே சொல்லிருச்சு! இனி எவ என்ன பேசுவா?” என்றபடி மற்ற பொட்டலத்தை அவசரமாக இடுப்பில் செருகப் போனாள்.

சாமியம்மா கையை நீட்டினாள். கேட்பது குரு. கொடுக்காமல் என்ன செய்வது?

அதிலும் சிவப்பு ரோஜா.

ருக்குமணி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நிமிர்ந்து பார்க்க முகமில்லை. ‘இனி இங்கே வராதே’ என்று சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருந்தது.

சாமியம்மா திட்டவில்லை. பின்னால் வந்து நின்று, ஒன்பது வருஷமாகப் பூ வைக்காத அந்தக் கொண்டையில் ஒரு ரோஜாவைச் செருகினாள்.

ருக்குமணி அழுது முடிக்கச் சிறிது நேரம் ஆயிற்று.

“ஊரு கேட்டா என்னங்க சாமி சொல்றது? நீங்க சொன்னதாவாச்சும் சொல்லிக்கட்டுங்களா?”

“வேண்டாம் அக்கா. அவரோட கஷ்டப்பட்டா என்னைத் திட்டுவீங்க. நல்லா வாழ்ந்தா என்னைக் கும்புடுவீங்க. அப்புறம் அந்த மனுசனுக்குன்னு என்ன மிச்சம் வைப்பீங்க?”