தரங்கம்பாடியை எழுதினபடியே வைத்திருந்த மூவர்

வேம்பங்குளத்தில் மூன்று பேர் சேர்ந்து நாவல் எழுதினார்கள். ஒரு நாவலுக்கு எதற்கு மூன்று பேர் என்று கேட்டுவிடாதீர்கள். குருபாதம் பார்ப்பார், பார்த்ததைப் பன்னீர் சொல்லுவார், சொன்னதை லிங்கதுரை எழுதுவார். குருபாதம் பார்த்தது பன்னீருக்கு எப்படித் தெரியும் என்று இதுவரை அவர்களே கேட்டுக்கொண்டதில்லை. நமக்கெதற்கு வம்பு.

அவர்கள் எழுதியது ஊர் ஊராகப் போகிற நாவல். முதல் நாவலில் கதாநாயகன் கொடைக்கானலில் கப்பல் ஏறினான். இரண்டாவதில் மதுரைக் கடற்கரையில் காதலைச் சொன்னான். இரண்டையும் திருப்பி அனுப்பிய பதிப்பாளர் அம்பலவாணன் தொலைபேசியில் கடைசியாக ஒன்று சொன்னார்.

"இடம் நிஜமா இருக்கணும். வாசகர் புத்தகத்தைக் கையில வச்சுக்கிட்டுப் போனா, எழுதினது எழுதினபடி அங்க இருக்கணும். வியாழக்கிழமை நானே வந்து ஒண்ணொண்ணா சரிபார்ப்பேன். ஒண்ணு தப்பினாலும் புத்தகம் கிடையாது."

லிங்கதுரைக்கு இது மானப் பிரச்சினை. மருமகன் புத்தகம் வரப்போகிறது என்று மாமனார் சொந்தக்காரர் அத்தனை பேரிடமும் சொல்லிவிட்டார். "எங்க மாப்ள புத்தகம்?" என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற பயத்தில், இரண்டு தீபாவளியாக லிங்கதுரை அந்த வீட்டில் சாப்பிட மட்டுமே வாயைத் திறந்தார். பாவம், நல்ல மனிதர்.

ஞாயிற்றுக்கிழமை மூவரும் தரங்கம்பாடிக்குப் போய் இறங்கினார்கள். கண்ணில் பட்டதையெல்லாம் எழுதி, பொழுது சாய்வதற்குள் நாவலை முடித்துவிட்டார்கள். திங்கட்கிழமை காலை, எழுதினது எழுதினபடி இருக்கிறதா என்று பார்க்கக் கோட்டைக்குப் போனார்கள். முதல் வரியிலேயே இடி விழுந்தது. 'கோட்டை வாசலில் ஒரு வெள்ளைப் பசு படுத்திருந்தது' என்று எழுதியிருந்தார்கள். பசு நின்றுகொண்டிருந்தது.

"நின்னுக்கிட்டிருந்ததுன்னு மாத்திரலாமா?" என்றார் குருபாதம்.

"மாத்தி முடிக்கிறதுக்குள்ள படுத்துருச்சுன்னா?" என்றார் பன்னீர்.

வெகுநேரம் யோசித்தார்கள். எழுத்தை மாற்றினால் அடித்தல் திருத்தல் வரும், பசுவை மாற்றினால் வராது என்று முடிவாயிற்று. பசுவின் சொந்தக்காரி ராசாத்தியைத் தேடிப் பிடித்து, வியாழக்கிழமை வரை பசுவைக் கொஞ்சம் படுக்கச் சொல்லும்படி கேட்டார்கள். அது தன் பேச்சையே கேட்பதில்லை, நீங்களே சொல்லிப் பாருங்கள் என்று அவள் சொல்லிவிட்டாள். பன்னீர் சொல்லிப் பார்த்தார். பிறகு எப்படிப் படுப்பது என்று பசுவுக்குப் பக்கத்திலேயே படுத்துக் காட்டினார். பசு அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தானும் படுத்தது. அவர் எழுந்ததும் அதுவும் எழுந்தது. ஆகவே பன்னீர் வியாழக்கிழமை வரை அங்கேயே படுத்திருப்பது என்று ஏற்பாடாகி, முதல் வரியில் 'பக்கத்தில் ஒரு மனிதரும்' என்று சேர்த்துக்கொண்டார்கள்.

அடுத்தது டீக்கடை. டீ மாஸ்டர் செபஸ்தியானும் அவருடைய மைத்துனர் சூசையும் சட்டையைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டதாக இரண்டாம் அத்தியாயத்தில் இருந்தது. இப்போது இருவரும் ஒரே தட்டில் வடை தின்றுகொண்டிருந்தார்கள்.

லிங்கதுரைக்குக் கண் கலங்கிவிட்டது. "அண்ணே, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். வியாழக்கிழமை வரைக்கும் கோவமா இருங்கண்ணே" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

எங்களுக்கு இப்போது கோபமே வரவில்லையே என்று செபஸ்தியான் வருத்தப்பட்டார். நேற்று எப்படி வந்தது என்று குருபாதம் விசாரித்தார். தப்பு சூசை மேல்தான் என்று செபஸ்தியான் ஆரம்பித்தார். சூசை வடையைக் கீழே வைத்தார். அதற்கப்புறம் அந்த அத்தியாயத்தைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியிருக்கவில்லை.

வியாழக்கிழமை காலை அம்பலவாணன் சிவப்புப் பேனாவோடு வந்து இறங்கினார். பசு படுத்திருந்தது, பக்கத்தில் பன்னீரும் படுத்திருந்தார். அம்பலவாணன் ஒரு டிக் போட்டார். டீக்கடையில் சட்டை கிழிந்துகொண்டிருந்தது. அதற்கும் ஒரு டிக். இப்படியே கடைசிப் பக்கம் வந்தது. அதில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. 'கடற்கரையில் ஒருவர்கூட இல்லை.'

பன்னீரையும் எழுப்பிக்கொண்டு நால்வரும் கடற்கரைக்குப் போனார்கள். உச்சி வெயிலில் மீனவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். மணல் வெறிச்சோடிக் கிடந்தது. லிங்கதுரைக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அம்பலவாணன் பேனாவைத் திறந்தார், பிறகு மூடிவிட்டார்.

"நாம நாலு பேர் இருக்கோமே" என்றார்.

மூவரும் ஓடிப்போய் ஒரு படகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்கள். அம்பலவாணன் சுற்றுமுற்றும் பார்த்தார். அவருடைய முகம் வாடிவிட்டது.

"இன்னும் நான் இருக்கேனே."

"நீங்களும் இங்க வந்துருங்கய்யா" என்றார் குருபாதம்.

"வந்துட்டா யார் பார்க்கிறது?"

இந்தத் தீபாவளியும் போயிற்று என்று லிங்கதுரை படகில் தலையைச் சாய்த்து அழுதார். அழுகிறவரைப் பார்க்கச் சகிக்காமல் பன்னீர் கண்ணை மூடிக்கொண்டார். மூடினவர் அப்படியே திகைத்து நின்றார்.

"ஐயா, கண்ணை மூடிப் பாருங்க. ஒருத்தரும் இல்ல."

அம்பலவாணன் கண்ணை இறுக மூடினார். கிழக்கே திரும்பினார், மேற்கே திரும்பினார், வடக்கையும் தெற்கையும் விடவில்லை. தன்னையும் ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார். நிஜமாகவே ஒருவர்கூட இல்லை. மூடிய கண்ணோடு அவர் போட்ட டிக் வேட்டியில் விழுந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று மற்ற மூவரும் வெளியே வந்து கண்ணை மூடிக்கொண்டார்கள். லிங்கதுரை சந்தோஷத்தில் பன்னீர் என்று நினைத்துப் படகைக் கட்டிப்பிடித்தார்.

கொஞ்ச நேரம் கழித்து மணல் சுட ஆரம்பித்தது.

"ஐயா, இப்பக் கண்ணைத் திறக்கலாமா?" என்று கேட்டார் குருபாதம்.

"அவசரப்படாதீங்க" என்றார் அம்பலவாணன். "முதல்ல புத்தகம் அச்சாகி வரட்டும்."