பூங்காவுக்கு வெளியே

நகர எல்லையிலிருந்த கேளிக்கைப் பூங்காவில் புதிய ஊழியர்களுக்கு வேலை கற்றுத்தந்தவர் இருதயமேரி. வயது முப்பத்து நான்கு. அவரிடம் கற்க வந்தவர்களில் மூத்தவர் தணிகாசலம். நூற்பாலை மூடியபின், ஐம்பத்தாறு வயதில் பூங்காவின் ராட்டின வேலைக்குச் சேர்ந்தவர்.

வருபவர்களைக் கும்பிட்டு வரவேற்க வேண்டும். வழி கேட்டால் கையை நீட்டக் கூடாது, கூடவே நடந்துபோய்க் காட்ட வேண்டும். கீழே கிடக்கும் காகிதத்தை யார் பார்த்தாலும் எடுக்க வேண்டும். வரிசையில் யாரும் யாரையும் முந்தக் கூடாது. ஒரே மாதத்தில் தணிகாசலம் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, வேலை முடிந்து பேருந்துக்கு ஓடினார். படியில் ஒரே நெரிசல். முழங்கையால் இடித்து ஏறினார். பின்னால் கைக்குழந்தையோடு ஒரு பெண் விழுந்தாள். குழந்தைக்கு அடியில்லை. அவள் முட்டி கிழிந்து ரத்தம் வந்தது. பக்கத்தில் நின்ற மூத்த மகள் அழுதாள்.

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்கதானே மத்தியானம் என் பொண்ணைக் கையைப் பிடிச்சு ராட்டினத்துலேர்ந்து இறக்கிவிட்டீங்க?"

தணிகாசலம் பேருந்தைவிட்டு இறங்கினார். குனிந்து அவளைத் தூக்கிவிட்டார்.

மறுநாள் காலை இருதயமேரியிடம் நடந்ததைச் சொன்னார்.

"இனி வேலைக்கு வரலை, மேடம். உள்ளே நான் கும்பிடறதெல்லாம் வேஷம்."

"ஏன் அப்படிச் சொல்றீங்க?"

"உள்ளே வரிசைக்குக் கயிறு கட்டியிருக்கு. நீங்க பார்க்கறீங்க. அதனால ஒழுங்கா இருக்கேன். வெளியே யார் இருக்கா?"

"சாயங்காலம் வரைக்கும் இருங்க" என்றார் இருதயமேரி.

ஆறு மணிக்கு இருவரும் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். பேருந்து வந்தது. இறங்குபவர்களுக்கு வழிவிட்டு இருதயமேரி ஒதுங்கி நின்றார். கூட்டம் அவரைத் தள்ளிவிட்டு ஏறியது. பேருந்து போய்விட்டது. அடுத்ததும் போனது.

"ஏறத் தெரியாதாக்கா?" என்று படியில் தொங்கிய ஒருவன் சிரித்தான்.

மறுநாளும் அப்படியே நின்றார். மூன்றாம் நாள் மழையில் நனைந்தபடி நின்றார். தணிகாசலம் நிழற்குடைக்குள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பொறுக்க முடியவில்லை.

"மேடம், நீங்க ஒரே ஆளா நின்னா அது வரிசையா?"

"இல்லண்ணே," திரும்பாமலே சொன்னார் இருதயமேரி. "இன்னும் ஒரு ஆள் வேணும்."