சுனையாயி போர்த்தின துணி

ஒரு ஊர்ல ஒரு சுனையாயி இருந்தா, மருமவளே. எந்த ஊருங்கற? வாயூரு. பூவிழின்னு எட்டு வயசுப் பொண்ணு ஒருத்தி, அவ வாய்தான் அந்த ஊரு. அதுல ஊறுற எச்சித் தண்ணிதான் சுனையாயி. அத்தை மேல காலைப் போட்டுக்கிட்டுக் கேளு. கேக்குறியா?

ம்.

சுனையாயிக்குப் பல்லுங்கதான் பிள்ளைங்க. முன்வாசல்ல நின்ன பால்பல்லுங்க ஒண்ணொண்ணா விழும், புதுசு முளைக்கும். ஆனா கடைசி மூலையில, எதுவும் விழாமலே, பெரிய பல்லு ஒண்ணு தானா முளைச்சு வந்துச்சு. அவன் பேரு மூலையான். அவன் போனா போனதுதான், மறுபடி முளைக்க மாட்டான். இது சுனையாயிக்குத் தெரியும். பூவிழி வீட்ல ஒருத்தருக்கும் தெரியாது. அங்கதான்டி வந்துச்சு வினை.

அப்புறம், சுனையாயி தினம் என்ன பண்ணுவா? பூவிழி பல்லு தேய்ச்ச உடனே ஓடி வந்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் கண்ணுக்கே தெரியாத மெல்லிசுத் துணி ஒண்ணைப் போர்த்தி விடுவா. வெறும் உடம்போட நின்னா பிள்ளையைப் புளிப்பு அரிச்சிடுமேன்னு அவளுக்குப் பயம்.

அப்போ பசையான் வீட்டுப் பயலுங்க வந்தானுங்க. பொடிப் பூச்சிங்க. மூத்தவன் மூலையான் மேல ஏறப் பார்த்தான். சுனையாயி ‘சளக்’னு ஒரு அடி, தொண்டைக்குள்ள போயிட்டான். நடுவுலவன் வந்தான். ‘சளக்’. அவனும் போனான். கடைக்குட்டி இருக்கானே, அவன் துணியோட நூலைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டான்.

“ஆயி, நான் ஒத்தையாளு. ஒரு ஓரமா ஒண்டிக்கிறேன்”னான்.

துணியோட சேத்துப் பிச்சு எறிஞ்சிருந்தா அவனும் போயிருப்பான். பெத்தவளுக்கு மனசு வருமா? “இழுத்தா பிள்ளை துணி கிழிஞ்சிடுமே. ஒத்தையாளுதானே, இருந்துட்டுப் போறான்”னு விட்டுட்டா. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டுச்சாம். கேக்குறியா?

ம்.

பூவிழிக்குக் கமர்கட்டுன்னா உசுரு. அவ அப்பா ஞானவேலு வேலை விட்டு வரும்போதெல்லாம் வாங்கிட்டு வருவாரு. அவ ஒண்ணைக் கன்னத்துல அடக்கிக்கிட்டே தூங்கிடுவா. அவ தூங்கினா சுனையாயியும் அசந்துடுவா, ஊத்து வத்திடும். வெல்லப்பாகு மட்டும் மூலையான் மேல சொட்டு சொட்டா இறங்கும். கடைக்குட்டி அதைக் குடிச்சான், குடிச்சதுல பாதியைப் பசையாக் கக்கினான். அப்புறம் சித்தப்பன், பெரியப்பன், மாமன், மச்சான்னு ஒரு பட்டாளமே வந்து ‘பச்சக் பச்சக்’னு ஒட்டுச்சு. ஒட்டத் தெரியாதவனையெல்லாம் நெட்டையன் ஒருத்தன் நடுவுல நின்னு ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டான். ஆள் மேல ஆளு, மாடி மேல மாடி. அதைத்தான் நாம ஊத்தைங்கறோம். காலையில பிரஷ் வரும், ‘சர் சர்’னு முன்னாடி நாலு பல்லைத் தேய்ச்சிட்டுப் போயிடும். மூலைக்கு யாரு வர்றா?

என்னடி, வெறும் ‘ம்’மாவே போடுற? தூக்கமா?

ம்ம்.

சரி. அப்புறம் அந்தக் கூட்டம் வெல்லத்தைத் தின்னுட்டு அடியில புளிச்ச தண்ணியா விட்டுச்சு. சுனையாயி எழுந்து வந்து அலசுறா, அலசுறா, மேலாப்புலதான் அலச முடியுது. அடிக்குப் போக வழியில்லை. “மூலையா, மூலையா”ன்னு கூப்பிடுறா. அவன் அழுற சத்தந்தான் கேக்குது.

முதல்ல, பூவிழி பானைத் தண்ணி குடிச்சப்போ ‘சுளீர்’னுச்சு. “அப்பா, பல்லு கூசுது.” “பால்பல்லுதானே தாயி, விழுந்து முளைக்கும்.” அப்புறம் மிட்டாய் தின்னப்போ ‘விண் விண்’னுச்சு. “பால்பல்லுதானே, விழட்டும்.” மூணாவது தரம் கன்னமே வீங்கிடுச்சு, சோறு இறங்கலை. அப்போதான் மகளைத் தோள்ல போட்டுக்கிட்டு ஓடினாரு.

பல் டாக்டரம்மா பார்த்தாங்க. “இது பால்பல்லு இல்லீங்களே. ஆறு வயசுல வர்ற பல்லு. சொத்தை வேர் வரைக்கும் போயிடுச்சு, எடுத்துத்தான் ஆகணும்.”

“எடுத்தா முளைச்சிடுங்களா?”

“முளைக்காதுங்க.”

“நான்தானேம்மா விழட்டும் விழட்டும்னேன்”னு சொல்லிட்டு ஞானவேலு சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டாரு.

வீட்டுக்கு வந்ததும் பூவிழி கையை நீட்டினா. “அப்பா, பல்லைக் குடு. கூரையில போட்டாத்தானே புதுசு முளைக்கும்?” அந்த மனுஷன் என்ன சொல்லுவாரு, நீயே சொல்லு. “போடு தாயி”ன்னாரு. அவளுக்கு எட்டலை, தூக்கிப் பிடிச்சாரு. தகரத்து மேல ‘டங்’குன்னு விழுந்துச்சு. அவ சிரிச்சா. அவரு சிரிக்கலை.

உள்ள, மறுநாள் சுனையாயி துணியோட வந்தா. எல்லாப் பிள்ளைக்கும் போர்த்தினா. மூலைக்கு வந்தா பள்ளந்தான் இருந்துச்சு. ஒரு துணி கையிலயே மிஞ்சிப் போச்சு. “அன்னைக்கே உன் துணியைக் கிழிச்சிருக்கலாமேடா”ன்னு அழுதா. இன்னும் தினம் அவனுக்கும் சேத்து ஒரு துணி கொண்டாந்து அந்தப் பள்ளத்துக்கிட்ட நின்னுட்டுத்தான் போறாளாம். பாவம்லடி அவ?

ம்.

இரு இரு. இவ்வளவு நேரமா நீ வாயே திறக்கலையே. எங்க, ஆ காட்டு. அடிப்பாவி, கமர்கட்டு! உன் மூலையான் இப்பத்தானேடி தலையை நீட்டியிருக்கான். துப்பு, அத்தை கையிலயே துப்பு.

கதை முடிஞ்சுது. எந்திரி, மூலை வரைக்கும் தேய்ச்சிட்டு வந்து தூங்கு.