காய்ந்த பசை

சீடருக்கு அறுபது தாண்டிவிட்டது. குருவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. அவர் இவளை வாத்தியாரம்மா என்பார், இவள் அவரை அண்ணே என்பாள். கேட்பவர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

குரு ஜுலைகா பீவி கும்பகோணத்தில் பட்டுப்புடவைக்குத் தங்க ரேக்கு அச்சு போடுகிறவள். மரக்கட்டையைப் பசையில் தொட்டுத் துணியில் பதிக்க வேண்டும். ஈரம் வற்றி, விரலில் லேசாக ஒட்டும் பதம் வந்ததும் ரேக்கை வைத்துப் பஞ்சால் ஒற்ற வேண்டும். ரேக்கு என்பது மெல்லிய தங்கத் தகடு, மூச்சுக்காற்றுக்கே பறந்துவிடும். அதனால் அங்கே ஃபேன் கிடையாது, பேச்சு கிடையாது. வாயில் துணி கட்டிக்கொண்டுதான் வேலை.

சீடர் சிவக்கொழுந்துக்குப் பேசாமல் இருப்பது கஷ்டமாகவே இல்லை. மகள் பூங்கோதை தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்ட அன்று, இனி இந்த வாசப்படியை மிதிக்காதே என்று சொன்ன மனிதர், அதற்கப்புறம் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவளும் அப்பனைக் கொண்டு பிறந்த ரோஷக்காரி. வரவேயில்லை.

அவள் இருந்தது திருச்சியில். காலையில் பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம். போகத்தான் அவருக்குக் கால் வரவில்லை. தெருவில் எந்தப் பெண்பிள்ளை ‘அப்பா’ என்று கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பார். பாவம், அப்படி ஏங்கிக் கிடந்தார்.

மகள் உண்டாகியிருக்கிறாள் என்று உறவுக்காரர் சொல்லிக் காதில் விழுந்தது. வளைகாப்புக்குத் தன் கையாலேயே ஒரு புடவை போட்டுக் கொடுக்க வேண்டும் என்றுதான் ஜுலைகாவிடம் வேலை கற்க வந்தார். தாயில்லாப் பெண். பிறந்த வீட்டார் செய்ய வேண்டிய வளைகாப்பை மாமியார்தான் செய்யப்போகிறாளாம்.

விசேஷம் நெருங்கியபோது புடவையில் முந்தானை மட்டும் பாக்கி இருந்தது. கொஞ்சம் பசை, பதம் வந்ததும் ரேக்கு, அப்புறம் அடுத்த கொஞ்சம் என்றுதான் போக வேண்டும். இவருக்கோ அவசரம். முந்தானை முழுக்கப் பசையைப் பதித்துவிட்டார். பதித்தவர், இதை அவள் கட்டிக்கொண்டால் எப்படி இருப்பாள் என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார்.

நினைவு வந்து ரேக்கை வைத்தபோது அது ஒட்டாமல் சுருண்டு விழுந்தது. பசை காய்ந்துவிட்டிருந்தது. வேறு பட்டு வாங்கி முதலிலிருந்து தொடங்க நாள் இல்லை. வாய்த்துணியை அவிழ்த்துவிட்டுச் சின்னப்பிள்ளை மாதிரி அழுதார்.

“காஞ்சு போனதுக்கு வழி ஏதும் இருக்கா வாத்தியாரம்மா?”

ஜுலைகா ரேக்கு அடுக்கைத் தள்ளி வைத்தாள். தன் வாய்த்துணியை இறக்கினாள். முந்தானைமேல் குனிந்து, கண்ணாடியைத் துடைப்பவர்கள் விடுவார்களே, அதுபோல ‘ஹா’ என்று சூடாக மூச்சு விட்டாள். துணியை ஏற்றிக் கட்டிக்கொண்டு அந்த இடத்தில் ரேக்கை வைத்தாள். ஒட்டிக்கொண்டது.

“மூச்சே படக்கூடாதுன்னீங்களே?”

“அது ரேக்குக்கு. காஞ்ச பசைக்கு மூச்சுதான் வேணும். ஊதாதீங்க, ஆறிப்போயிடும். கிட்டப் போய் விடணும்.”

அன்று முழுவதும் சிவக்கொழுந்து குனிந்து குனிந்து மூச்சு விட்டார். விட்ட இடத்திலெல்லாம் தங்கம் பிடித்தது. மறுநாள் காலை ஒட்டாத துணுக்குகளைத் துடைத்துவிட்டுப் பார்த்தார்கள். முந்தானை ஜொலித்தது. முதல் புடவையிலேயே என்னைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டீர்களே என்று ஜுலைகா கேலி செய்தாள்.

அவர் சிரித்தார். புடவையை மடித்து ஒரு அட்டைப்பெட்டியில் வைத்தார். இப்போது கூரியரில் போட்டால் நாளைக்கு வளைகாப்புக்குள் போய்விடும் என்றார். தான் எதற்கு, புடவையைப் பார்த்தாலே அவளுக்கு எல்லாம் புரிந்துவிடும் என்றும் சொன்னார்.

பிறகு பெட்டியை அவளிடம் நீட்டினார்.

“நீங்களே உங்க கையால விலாசம் எழுதிக் குடுத்துடுங்க வாத்தியாரம்மா.”

ஜுலைகா அதை வாங்கவில்லை.

“கூரியர்க்காரன் மூச்சுக்குக் காஞ்சது ஒட்டாது அண்ணே. நீங்கதான் கிட்டப் போகணும்.”