அக்கினி பகவான் மடித்த இலை

மருதாற்றூர் ராஜா கொன்றைவர்மருக்கு எதையும் அளவோடு செய்யத் தெரியாது. குதிரை வேண்டும் என்றால் நூறு வாங்குவார். கோபம் வந்தால் மூன்று நாள் வைத்திருப்பார். அப்பேர்ப்பட்டவரிடம் கனியானந்தர் என்ற சாமியார் வந்து சேர்ந்தார்.

"அடுப்பில் வெந்ததெல்லாம் செத்த உணவு, ராஜா. பழம் மட்டும் உண்டால் நூற்றிருபது வயது நிச்சயம். எனக்கே இப்போது தொண்ணூறு" என்றார்.

பார்க்க நாற்பத்தைந்து போல இருந்தார். உண்மையில் வயது நாற்பத்தைந்துதான். அதை யாரும் கேட்கவில்லை.

மறுநாளே ராஜா பழத்துக்கு மாறினார். காலையில் கொய்யா, மதியம் வாழை, மாலையில் பலா. பலாவுக்குப் பிறகு நடந்ததெல்லாம் அரண்மனை வைத்தியருக்குத் தெரியும், நமக்கு வேண்டாம். இருபதாம் நாள் ராஜா அரியணை ஏறுவதற்கு இரண்டு பேர் கைத்தாங்கலாகப் பிடிக்க வேண்டியிருந்தது. "உடம்பு எவ்வளவு லேசாகிவிட்டது, பார்த்தீர்களா!" என்று சாமியார் பூரித்தார்.

சோறு என்ற சொல் காதில் விழுந்தாலே ராஜாவுக்கு நாக்கில் நீர் ஊறியது. உடனே உத்தரவு போட்டார். சபையில் அந்தச் சொல்லைச் சொல்பவர் நாட்டை விட்டே போக வேண்டும். பாவம், வேளாண்மை அமைச்சர் அந்த வருஷ விளைச்சலைக் கையால் சைகை காட்டித்தான் சொன்னார்.

அதோடு விட்டாரா? வரும் வெள்ளிக்கிழமை அரண்மனை மடப்பள்ளியை இடித்துக் கொய்யாத் தோப்பு வைப்பது என்றும், அடுத்த மாதம் முதல் நாட்டில் ஒரு வீட்டிலும் அடுப்பு எரியக்கூடாது என்றும் முடிவானது.

தலைமைச் சமையற்காரர் அம்பலவாணன், சபையின் விகடகவி வேம்பையரிடம் ஓடினார்.

"சாமி, முப்பத்தாறு குடும்பம். வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் நாங்க எங்க போவோம்? ராஜாகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க."

"எந்த வார்த்தையைச் சொல்ல? சொல்ல வேண்டிய ஒரே வார்த்தைக்குத்தான் தடை போட்டிருக்கிறாரே. அது சரி, இப்போது மடப்பள்ளியில் வேலையே இல்லையா?"

"ஒரே ஒரு இலைக்குத்தான் சாமி சமையல். ராஜா இத்தனை வருஷம் வெந்ததைத் தின்ன பாவம் தீரணும்னு சாமியார் யாகம் பண்றார்ல, அந்த அக்கினி பகவானுக்குப் படையல். முருங்கைக்காய் சாம்பார், வடை, நெய் வழிய வழியப் பொங்கல். யாகசாலையில இலை போட்டுப் பரிமாறிட்டு வெளியே வந்துடணும். சாமியார் கதவைச் சாத்திக்குவார். ஒரு நாழிகை கழிச்சுப் போய் நான் இலையை எடுப்பேன்."

"எடுக்கும்போது சாம்பலாக இருக்குமோ?"

"சாம்பல் எதுக்கு? மடிச்ச இலையாத்தான் இருக்கும்."

வேம்பையர் அம்பலவாணனையே பார்த்தார். முப்பது வருஷமாகப் பந்தியில் மடித்த இலையை எடுத்துப் பழகியவருக்கு, அதை யார் மடித்தார்கள் என்று யோசிக்கவே தோன்றவில்லை.

"இன்றைய இலையைக் குப்பையில் போடாதீர். அப்படியே என்னிடம் கொண்டுவாரும்" என்றார் வேம்பையர்.

வியாழக்கிழமை சபை கூடியது. வேம்பையர் வெள்ளித் தாம்பாளம் ஒன்றைப் பட்டுத்துணியால் மூடி ஏந்திக்கொண்டு வந்தார். பின்னாலேயே அம்பலவாணனும் வந்து நின்றார்.

"மகாராஜா, நம் சுவாமிகளின் பெருமை ஊருக்குத் தெரியாமலே கிடக்கிறது. அவர் யாகத்தில் அக்கினி பகவான் நேரிலேயே வந்து சாப்பிடுகிறாராம். உண்மைதானா, சுவாமி?"

கனியானந்தர் கண்ணை மூடித் தலையசைத்தார். "உண்மை. தினமும் வருகிறார்."

"உள்ளே வேறு யாரும் இருப்பதில்லையே?"

"நானும் அவரும் மட்டுமே."

"அதுதான் வேண்டும்" என்று வேம்பையர் துணியை விலக்கினார். "இது பகவான் நேற்று உண்ட இலை. ஓரம்கூடக் கருகவில்லை, அது முதல் அற்புதம். தன் பக்கமாக மடித்திருக்கிறார். விருந்து திருப்தியாக இருந்தால் நாம் மடிப்பது போலவே. நம் ஊர் வழக்கமெல்லாம் தேவலோகம் வரைக்கும் போயிருக்கிறது."

ராஜா கழுத்தை நீட்டினார். வேம்பையர் இலையைப் பிரித்தார்.

"முருங்கைக்காயைச் சப்பிச் சக்கையை ஓரமாகக் குவித்து வைத்திருக்கிறார். பகவானுக்குப் பல் உறுதி. காட்டையே எரித்துத் தின்பவர், கறிவேப்பிலையை மட்டும் ஒதுக்கிவிட்டார். என்ன பிடிக்கவில்லையோ தெரியவில்லை."

கனியானந்தர் அவசரமாகக் குறுக்கிட்டார். "அது... தேவரகசியம்."

"இருக்கட்டும் சுவாமி. உங்கள் மீசையிலும் அந்த ரகசியம் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. நெய் வாசனை வருகிறது."

ராஜா எழுந்தார். யாரும் கைத்தாங்கல் கொடுக்கவில்லை, தானாகவே எழுந்தார்.

"இருபத்தெட்டு நாளாக நான் கொய்யா தின்கிறேன். நீர் உள்ளே உட்கார்ந்து என் சோற்றைத் தின்றீரா?"

அமைச்சர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வேம்பையர்தான் தொண்டையைக் கனைத்தார்.

"மகாராஜா, அந்தச் சொல்லைச் சொன்னவர் நாட்டை விட்டுப் போக வேண்டுமாம். பல்லக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று சொன்னால் தயார் செய்துவிடலாம்."

ராஜா சிரித்துவிட்டார். வெறும் வயிற்றோடு சிரித்ததில் வலிக்க, வயிற்றைப் பிடித்துக்கொண்டே சிரித்தார்.

"உத்தரவெல்லாம் ரத்து. மடப்பள்ளி இருந்த இடத்திலேயே இருக்கும். சுவாமிகள் ஒரு மண்டலம் யாகசாலையிலேயே தங்கிப் பழம் மட்டும் உண்ணட்டும். அம்பலவாணா, நீதான் காவல். மாலையில் பலாவை மறந்துவிடாதே."

கனியானந்தரைக் கூட்டிப்போனார்கள். அம்பலவாணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, உலை வைக்க ஓடினார்.

"வேம்பையரே, உமக்கு என்ன வேண்டும்? கேளும்" என்றார் ராஜா.

"தங்கள் பக்கத்தில் எனக்கும் ஒரு இலை போடச் சொல்லுங்கள், மகாராஜா. மடிப்பதற்குப் பகவானைக் கூப்பிட வேண்டாம், நானே மடித்துக்கொள்கிறேன்."