கால்வியஸ் குனியவில்லை

ரோமாபுரி செங்கல்லும் மரமுமாக நின்ற காலத்தில், அங்கே கால்வியஸ் என்ற பெரிய மனிதருக்கு ஒரு வீடு இருந்தது. கூடத்தின் நடுவே கூரை திறந்திருக்கும். அதன் வழியே பெய்கிற மழை ஒரு தொட்டியில் விழும். தொட்டியைச் சுற்றி வண்ணக் கற்கள் பதித்த தரை. மூலையில் அணையாத அடுப்பு. வாசலில் இரண்டாள் உயரத்துக்குக் கதவு.

தரை புதிது. கற்களைப் பதித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அடுப்புதான் அந்த வீட்டிலேயே மூத்தது. கால்வியஸின் தாத்தா காலத்திலிருந்து அது எரிந்துகொண்டிருந்தது.

ஒருநாள் காலையில் வீட்டுக்குள் பெண்கள் வெந்நீரோடும் துணியோடும் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

"இன்றைக்கு என்ன அக்கா, இத்தனை பரபரப்பு?" என்று தரை அடுப்பைக் கேட்டது.

"நம் எஜமானி ருஸ்டியா அம்மாவுக்குப் பிரசவ வலி எடுத்திருக்கிறது. குழந்தையைக் குளிப்பாட்டியதும் உன் மேல்தான் கொண்டுவந்து வைப்பார்கள்."

"என் மேலா? நான் சில்லென்று இருப்பேனே!"

"இந்த ஊர் வழக்கம் அப்படி. தகப்பன் குனிந்து தூக்க வேண்டும். தூக்கினால் அது இந்த வீட்டுப் பிள்ளை."

"தூக்காவிட்டால்?"

அடுப்புக்குள் ஒரு விறகு சடசடத்தது.

தரைக்கு அதைப் பற்றி மேலும் யோசிக்கத் தோன்றவில்லை. அதுவரை எல்லோரும் அதன் மேல் நடந்துதான் போயிருந்தார்கள். தன் மேல் ஒரு குழந்தை படுக்கப் போகிறது என்பதே அதற்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது. கூரை வழியே விழுந்த வெயிலில் ஒரு பக்கத்தைச் சூடாக்கிக்கொண்டு காத்திருந்தது.

வழக்கம்போல் கூடத்தில் ஆட்கள் வந்து வரிசையாக நின்றார்கள். தினமும் காலையில் கால்வியஸை வணங்கி, உதவி கேட்டுப் போகிறவர்கள் அவர்கள்.

கொஞ்ச நேரத்தில், பிரசவம் பார்த்த அடிமைப் பெண் கியோனே, துணியில் சுற்றிய குழந்தையோடு வந்தாள். வெயில் விழுந்த இடமாகப் பார்த்துக் குழந்தையைத் தரையில் கிடத்தினாள். அது கண்ணை மூடியபடி வாயைச் சப்பிக்கொண்டது. அதன் குதிகால் துணிக்கு வெளியே வந்து தரையைத் தொட்டது. தரை மூச்சுக்கூட விடவில்லை.

கால்வியஸ் பக்கத்தில் வந்து நின்றார்.

"என்ன குழந்தை?"

"பெண், ஐயா. கை கால் எல்லாம் நன்றாக இருக்கிறது."

"அவள்?"

"அம்மா மயங்கிப் படுத்திருக்கிறார்கள்."

"நல்லது. வெளியே கொண்டுபோய் வைத்துவிடு."

அவர் குரலை உயர்த்தவில்லை. அடுப்பில் இன்னொரு விறகு வைக்கச் சொல்வது போலத்தான் சொன்னார். சொல்லிவிட்டு வரிசையின் பக்கம் திரும்பினார்.

"வெளியே என்றால் எங்கே?" என்று தரை கேட்டது.

"தெருவில். யாராவது எடுத்துக்கொண்டு போகலாம். நாயும் போகலாம்," என்றது அடுப்பு.

"அக்கா, உங்களுக்கு இது முன்பே தெரியுமா?"

"இது மூன்றாவது. முதல் இரண்டும் பெண்தான். அப்போது இருந்த பின்வாசல் வழியாகக் கொண்டுபோனார்கள். இரண்டும் இறந்தே பிறந்தன என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார்கள்."

இதைக் கேட்டுக்கொண்டிருந்த கதவு பேசியது.

"திருடன் உள்ளே வராமல் பார்த்துக்கொள் என்று சொல்லித்தான் என்னை இங்கே நிறுத்தினார்கள். இந்த வீட்டுப் பிள்ளையை வெளியே போடுவதற்கும் நானா திறக்க வேண்டும்?"

"நீ மரம். என்ன செய்துவிட முடியும்?" என்றது அடுப்பு.

கியோனே குழந்தையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். எண்ணெய் விட்டுப் பழகிய கதவு அது. திறந்தால் சத்தமே வராது. அன்றைக்குத் தன் பாரம் முழுவதையும் கீழே இறக்கிக்கொண்டது. வாயில்காப்போர் இருவர் தோள் கொடுத்துத் தள்ளினார்கள். மரம் கல்லில் உராய்ந்த கிறீச்சொலி வீடு முழுக்கக் கேட்டது. குழந்தை திடுக்கிட்டு வீறிட்டது.

அந்தச் சத்தத்தில் ருஸ்டியாவுக்கு மயக்கம் தெளிந்தது. சுவரைப் பிடித்தபடி, வெறுங்காலோடு கூடத்துக்கு வந்தாள்.

கால்வியஸ் அவள் எதிரே போய் நின்றார். "நீ ஏன் எழுந்து வந்தாய்? போய்ப் படு. இந்தத் தடவையும் உயிரில்லாமல்தான் பிறந்தது."

அவர் சொல்லி முடிக்கும்போது தெருவில் குழந்தை அழுதது.

கூடத்தில் இருந்த எல்லோருக்கும் அது கேட்டது. வரிசையில் நின்ற ஒருவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டார். குழந்தையை வைத்துவிட்டு வெறுங்கையோடு கியோனே வாசற்படியில் நின்றிருந்தாள்.

ருஸ்டியா அவளைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள். "அந்த இரண்டும்?"

"அவையும் அழுதன, அம்மா."

"வாயை மூடு," என்றார் கால்வியஸ்.

ருஸ்டியா அவர் முகத்தை, அறிமுகமில்லாத ஆளைப் பார்ப்பது போலக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நடந்தாள். தரையில் அவள் கால் பட்ட இடமெல்லாம் ரத்தம் ஒட்டியது. வாசலைத் தாண்டி, தெரு ஓரத்தில் கிடந்த குழந்தையைக் குனிந்து தூக்கினாள்.

"பெண் தூக்கினால் செல்லாது," என்று கால்வியஸ் உள்ளே இருந்து சொன்னார்.

"வீட்டுக்குள் செல்லாது. தெருவில் கிடக்கிற பிள்ளை, எடுத்தவருக்கு. அதுவும் இந்த ஊர் வழக்கம்தானே? நான் எடுத்துவிட்டேன்."

"அந்தக் குழந்தையோடு இந்தப் படியை மிதிக்காதே."

"மிதிக்கமாட்டேன்."

எதிர்ப்புறம் ஐந்து மாடிக் குடியிருப்பு ஒன்று இருந்தது. தண்ணீரைக்கூடக் கீழிருந்து சுமந்துதான் மேலே கொண்டுபோக வேண்டும். அதன் படிக்கட்டில் உட்கார்ந்து கம்பளி நூற்றுக்கொண்டிருந்த ஒரு பெண், ஒன்றும் கேட்காமல் ஒதுங்கி இடம்விட்டாள். ருஸ்டியா உட்கார்ந்து பிள்ளையை மார்போடு சேர்த்துக்கொண்டாள்.

கியோனே இன்னும் வாசற்படியிலேயே நின்றாள். அவள் அடிமை, போக முடியாது.

"தரையைக் கழுவு," என்றார் கால்வியஸ்.

தரை உறைந்து கிடந்தது. கதவு திறந்தபடியே நின்றது. அடுப்பில் தீ தாழ்ந்திருந்தது.

கால்வியஸ் நாற்காலியில் அமர்ந்து, மேலாடையைச் சரிசெய்துகொண்டார்.

"அடுத்து யார்?"

வரிசை ஓரடி முன்னே நகர்ந்தது.