கெண்டைகள் ஏறும் திசை

உலகம்மைக்குச் சீடர் ஒருவர்தான். அவரும் உலகம்மையைவிட இருபது வயது மூத்தவர். பெயர் சிற்றம்பலம். ஆற்றின் கீழ்ப்பக்கத்து ஊரில் வயல் வைத்திருந்தவர். மனைவி போன பிறகு நிலத்தை மகனிடம் விட்டுவிட்டு வந்துவிட்டார். மலையடிவாரத்தில், அணைக்குக் கீழே குடிசை போட்டு இருந்த உலகம்மையிடம் வந்து சேர்ந்தார்.

சுற்றுவட்டாரமெல்லாம் உலகம்மையை அம்மை என்றது. சிற்றம்பலமும் அப்படித்தான் கூப்பிட்டார். அம்மை அவரை ஐயா என்றார்.

அது ஆனி மாதம். மற்ற வருஷங்களில் அதற்குள் மலையில் சாரல் இறங்கியிருக்கும். அந்த வருஷம் வானம் வெள்ளை வெளேரென்று கிடந்தது. மதகுகள் மூடியிருந்தன. ஆறு வற்றி, அணைச் சுவரின் காலடியில் ஒரு மடு மட்டும் மிச்சமிருந்தது. கெண்டைகள் எல்லாம் அங்கே வந்து கூடியிருந்தன. ஒவ்வொன்றின் வயிறும் சினையால் உப்பியிருந்தது.

சுவரில் ஓரிடத்தில் தண்ணீர் கசிந்து சொட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு மீன்கள் துள்ளின. துள்ளிச் சுவரில் மோதி விழுந்தன. ஈரக் கல்லில் செதில்கள் ஒட்டிக்கொண்டு மினுங்கின.

சிற்றம்பலம் காலையிலிருந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வழி இல்லேன்னு தெரிஞ்சும் ஏன் அம்மை இதுக போய் முட்டுது?"

"வழி இல்லேன்னு அதுகளுக்கு யார் சொன்னா?"

"சுவர் கண்ணுக்குத் தெரியலையா?"

"கண்ணால பார்த்து வரலை ஐயா. தண்ணி எங்கிருந்து வருதோ, அந்தப் பக்கமா ஏறி வந்திருக்கு."

"மேலே போக முடியாட்டா?"

"சினை வயித்துக்குள்ளேயே கரைஞ்சுபோகும். வர்ற வருஷம் குஞ்சு இருக்காது."

மத்தியானம் மடு சூடேறியது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பார்த்துக்கொண்டே சிற்றம்பலம் கண்ணயர்ந்துவிட்டார். அந்த வாய்கள் எல்லாம் ஒரே பெயரைச் சொல்லுகின்றன, தனக்கு மட்டும் காது கேட்கவில்லை என்று கனவு வந்தது. திடுக்கிட்டு எழுந்தார்.

"நான் தூக்கிட்டுப் போய் அந்தப் பக்கம் விடட்டுமா?"

"விட்டுப் பாருங்க."

வாளியில் மீன்களை எடுத்து, ஈரத்துணியால் மூடி, படிக்கட்டில் ஏறினார். மூச்சு வாங்கியது. முழங்கால் வலித்தது. மேலே அணைத் தண்ணீர் மலைகளின் மடி முழுக்க அகன்று கிடந்தது. அதில் மீன்களை விட்டுவிட்டு மறுபடி இறங்கினார், மறுபடி ஏறினார். பொழுது சாயும்வரை சுமந்தார். அன்றைக்கு அவர் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது.

விடிந்ததும் மேலே ஓடினார்.

விட்ட இடத்திலேயே மீன்கள் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தன. இரண்டு மூன்று, வயிறு மேலாகப் புரண்டு மிதந்தன.

அம்மை படியேறி வந்தபோது சிற்றம்பலம் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

"சுவரையே தாண்ட வச்சுட்டேன். இனி நீந்திப் போக வேண்டியதுதானே? இவ்வளவு தண்ணி கிடக்கு. ஏன் போகமாட்டேங்குது?"

அம்மை கரையில் கிடந்த பரிசலைத் தண்ணீரில் தள்ளினார்.

"ஏறுங்க."

தண்ணீருக்கு மேல் பனி படர்ந்திருந்தது. என்றோ மூழ்கிப்போன பனைகளின் தலைகள் அங்கங்கே எட்டிப் பார்த்தன. நடுத் தண்ணீருக்கு வந்ததும் அம்மை துடுப்பை நிறுத்தினார்.

"துண்டால கண்ணைக் கட்டிக்குங்க."

அவர் கட்டிக்கொண்டார். அம்மை பரிசலை ஒரு சுழற்று சுழற்றினார். அது சுற்றி, மெதுவாகி, நின்றது.

"ஆறு எந்தப் பக்கமிருந்து வருது, ஐயா?"

சிற்றம்பலம் தண்ணீருக்குள் கையை விட்டார். யாரோ வெகுநேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்துபோன இடம் மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது. விரலை எந்தப் பக்கம் நீட்டினாலும் ஒன்றுபோலவே இருந்தது. எதுவும் தள்ளவில்லை, எதுவும் இழுக்கவில்லை.

"தெரியலை அம்மை."

அம்மை மறுபடி துடுப்புப் போட்டார். துடுப்புச் சத்தம் மட்டும் கேட்டது. தான் தூங்குகிறோமா விழித்திருக்கிறோமா என்று அவருக்கே புரியவில்லை. செத்துப்போன மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. அவளிடமும் திசை கேட்டார். அவளுக்கும் தெரியவில்லை. கையை மட்டும் தண்ணீரிலிருந்து எடுக்காமல் வைத்திருந்தார்.

திடீரென்று சுண்டுவிரலில் சில்லென்று ஒரு நூல் பட்டது. மெல்லிசான நூல். விரலை ஒதுக்கிக்கொண்டு போனது.

"இதோ! இந்தப் பக்கம்! இந்தப் பக்கம்தான்!"

யாரும் கேட்காமலேயே கத்தினார். துண்டை அவிழ்த்தார். எதிரே பாறைகளுக்கு நடுவில் ஆறு ஒல்லியாக இறங்கி வந்துகொண்டிருந்தது. மேல் காட்டில் எங்கோ ஒரு மழை பெய்திருக்க வேண்டும். தண்ணீரில் மண்வாசனை இருந்தது.

திரும்பிப் போனார்கள். சுற்றிக்கொண்டிருந்த மீன்களை வாளியில் ஏற்றினார்கள். அம்மை துடுப்புப் போட்டார். சிற்றம்பலம் வாளியை மடியில் அணைத்துப் பிடித்து, தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றிக்கொண்டே வந்தார்.

ஆறு வந்து சேரும் இடத்தில் அவர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வாளியைச் சரித்தார். மீன்கள் மயக்கம் போட்டவை போல அசையாமல் கிடந்தன. ஒரு கெண்டை தலையைத் திருப்பியது. பிறகு இன்னொன்று. பிறகு எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பின. வாலை ஒரு வீசு வீசி, கூழாங்கற்களின் மேல் ஏறிப் போய்விட்டன.

சிற்றம்பலம் சத்தமாகச் சிரித்தார். அவர் சிரித்து அம்மை கேட்டதே இல்லை.

கொஞ்ச நேரத்தில் சிரிப்பு அடங்கியது. அவர் தண்ணீரிலேயே நின்றார்.

"அம்மை, நான் தின்னு வளர்ந்த சோறு இந்த அணைத் தண்ணியில விளைஞ்சது. கீழே எத்தனையோ ஊருக்கு இதுதான் உசிரு. சுவரைக் குத்தம் சொல்ல எனக்கு நாக்கு வரலை. மீன் போனாப் போகட்டும்னு சொல்லவும் மனசு வரலை. மழையும் முன்ன மாதிரி இல்லை. நான் எங்கே நிக்கிறது?"

அம்மை பரிசலை அணைப் பக்கமாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"நிக்க ஏது நேரம் ஐயா? வெயில் ஏறிட்டுது. கீழே மடு சுட ஆரம்பிச்சிருக்கும். வாங்க."